சைக்கிளதிகாரம்: ஆரணிப் படலம்

யானைக்கு நூல் எழுதினார்கள், குதிரைக்கு நூல் எழுதினார்கள், பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன் என்றுகூட உடம்பை அங்குலம் அங்குலமாகப் பிரித்து எழுதி வைத்தார்கள். காலையில் வேலைக்குப் புறப்படும் சைக்கிளுக்கு மட்டும் தமிழில் இலக்கணம் கிடையாது. அக்குறை தீர்க்க எழுந்தது இந்நூல். நூற்பாவும் உரையும் ஒருவரே எழுதியதால், உரையாசிரியர் நூலாசிரியரை மடக்கும் வழக்கமான சுவை இதில் இருக்காது. வாசகர் பொறுத்தருள வேண்டும்.

பாயிரத்தில் எல்லை சொல்வது மரபு. வடக்கே ஆற்காட்டுச் சாலை, தெற்கே தேவிகாபுரம், கிழக்கே செய்யாறு சாலை, மேற்கே கண்ணமங்கலம். ஊரை ஒட்டி, ஆண்டில் பெரும்பாலான நாள் மணலாகவே கிடக்கும் கமண்டல நாகநதி. இதற்குள் அடங்கிய ஆரணிக்குப் புகழ் இரண்டு: பட்டு, அரிசி. வரலாற்றுக்காரர்கள் மூன்றாவதாகப் போரையும் சேர்ப்பார்கள். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் இங்கே சண்டை போட்டார். 1782 ஜூனில் ஐதர் அலியும் பிரிட்டிஷ் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். இரண்டு போரிலும் சைக்கிள் கலந்துகொள்ளவில்லை. சைக்கிளின் மூதாதையைச் செய்த கார்ல் வான் டிரைஸ் பிறந்ததே 1785இல்தான் என்பதால் அதற்கு ஆரணியைக் குறை சொல்வதற்கில்லை.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். டிரைஸ் 1817 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஓட்டிக் காட்டிய மரவண்டிக்குப் பெடல் இல்லை. தரையைக் காலால் உந்த வேண்டும். செயின் போட்ட, இன்றைய சாயலுள்ள 'ரோவர்' சைக்கிளை ஜான் கெம்ப் ஸ்டார்லி காவென்ட்ரியில் செய்தது 1885. பெல்ஃபாஸ்டில் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து காப்புரிமை வாங்கியது 1888. டி.ஐ. சைக்கிள்ஸ் சென்னையில் தொடங்கப்பட்டது 1949. அம்பத்தூரிலிருந்து புறப்பட்ட ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும், வடக்கேயிருந்து இறங்கிய அட்லஸும் ஹீரோவும் தமிழ்நாட்டுத் தெருக்களை நிறைத்தன. இனி நூலுக்குள் புகலாம்.

ஏறியல்

*இடக்கால் பெடல்மிசை வலக்கால் தரைமிசைத்*
*தத்தித் தத்தி ஏறுதல் மரபே.*

இது வெறும் சைக்கிளுக்குச் சொன்ன விதி. இடது பெடலில் காலை ஊன்றி, வலது காலால் இரண்டு மூன்று தத்து தத்தி, வண்டி ஓட்டம் பிடித்ததும் வலது காலைப் பின்புறமாக வீசிச் சீட்டில் அமர்வது. உயரம் போதாத பிள்ளைகளுக்கு இவ்விதி செல்லாது. அவர்கள் ஃபிரேமின் முக்கோணத்துக்குள் காலை நுழைத்து, உடம்பு ஒரு பக்கமும் வண்டி மறு பக்கமுமாகச் சாய்ந்து ஓட்டும் முறைக்குக் குரங்குப் பெடல் என்று பெயர். 2024இல் அந்தப் பெயரிலேயே ஒரு திரைப்படம் வந்துவிட்டதால் அதற்கு இங்கே தனி நூற்பா தேவையில்லை.

வேலைக்குப் போகிற சைக்கிளுக்கு விதி வேறு. கேரியரில் மூட்டை உயரமாக இருந்தால் பின்பக்கம் கால் வீச முடியாது. வீசினால் மூட்டை உதைபடும். மூட்டைக்குள் இருப்பது பட்டு. ஆகவே வண்டியைச் சற்றுச் சாய்த்து, முன்பக்கம் பார் கம்பிக்கு மேலாகக் காலைத் தூக்கிப் போட வேண்டும். மடித்துக் கட்டிய லுங்கி இதற்கு இடம் கொடுக்கும். எட்டு முழ வேட்டி இடம் கொடுக்கத் தயங்கும். பேன்ட் இடம் கொடுக்கும். ஆனால் அதன் வலது காலை ஒன்று சுருட்ட வேண்டும், அல்லது ஒரு ரப்பர் பேண்ட் போட வேண்டும், அல்லது செயின் எண்ணெய்க்குத் தானம் செய்துவிட வேண்டும். ஆரணியில் காலை எட்டு மணிக்கு ஒருவர் எப்படி ஏறுகிறார் என்று பார்த்தாலே அவர் எதை ஏற்றிச் செல்கிறார் என்று சொல்லிவிடலாம்.

இறங்குதல் ஏறுதலின் தலைகீழ் எனக் கொள்க.

கேரியரியல்

*சீட்டினும் சிறந்தது கேரியர் என்ப*
*பாவும் பட்டும் அதன்மேற் செலலின்.*

இந்நூலின் உயிர் இந்த இயலில் இருக்கிறது. சைக்கிள் என்றால் சீட்டில் உட்கார்ந்து மனிதன் போகும் வண்டி என்பதே உலகத்தார் எண்ணம். கணக்கெடுப்பவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எதில் போகிறீர்கள் என்ற கேள்வி இருந்தது. கணக்கில் வந்தவர்கள் இந்தியா முழுக்க ஏறத்தாழ 20 கோடிப் பேர். அவர்களில் சைக்கிளில் போகிறவர்கள் 2.6 கோடி. மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், மொபெட் எல்லாம் சேர்த்து 2.5 கோடி. விளம்பரங்களில் மோட்டார் சைக்கிள் மலையேறிக்கொண்டிருந்த அதே ஆண்டில், நாட்டின் வேலைநாளை மயிரிழையில் முன்னின்று திறந்தது சைக்கிள்தான்.

ஆனால் அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. உழவர்கள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்கிறவர்கள் ஆகிய மூன்று வகையாரை நீக்கிய மற்ற தொழிலாளர்களைப் பற்றியதுதான் அந்த அட்டவணை. வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறவர் வேலைக்கு எதில் போகிறார் என்று கேட்பதில் என்ன பொருள்? படுக்கையறையிலிருந்து நாலு தப்படி வைத்தால் குழித்தறி. அதற்கு வாகனம் எதற்கு? கணக்கெடுப்பாளர் பக்கம் நியாயம் இருக்கிறது. அப்படியானால் வீட்டுக்கு வீடு நெசவாளி சைக்கிள் வைத்திருந்தது ஏன் என்று அடுத்த கேள்வி எழுகிறது.

விடை: ஆரணியில் வேலைக்குப் போகிறவர் நெசவாளி அல்லர். வேலைதான் நெசவாளியின் வீட்டுக்குப் போகிறது. அது போகிற இருக்கை கேரியர்.

கோரா பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. அத்தனை நூறு கிலோமீட்டர் ரயிலும் லாரியும் பஸ்ஸும் பார்த்துக்கொள்கின்றன. ஊருக்குள் வந்தபிறகுதான் பட்டுக்கு உண்மையான அலைச்சல் ஆரம்பம். முறுக்கு ஏற்ற ஓரிடம், சாயம் போட ஓரிடம், இழை சுற்ற ஒரு வீடு, பாவு போட ஒரு தெரு, தறியில் ஏற்ற ஒரு வீடு, நெய்து முடித்த சேலையைக் காட்ட முதலாளி வீடு அல்லது கூட்டுறவுச் சங்கம். பெரிய ஆலையில் இத்தனையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்குப் பொருள் நகர அங்கே பெல்ட் ஓடும். ஆரணி என்பது கூரையில்லாத ஆலை. அதன் பெல்ட் அம்பத்தூரிலும் லூதியானாவிலும் செய்து துண்டு துண்டாக வந்திறங்கியது.

சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் என்று சுற்றுவட்டாரத்து நெசவு ஊர்களை டவுனோடு சேர்த்துத் தைத்தது இந்த ஓட்டமே. சேலையை இறக்கிவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு, அடுத்த பாவையும் ஊடைக்கான பட்டையும் ஜரிகையையும் ஏற்றிக்கொண்டு திரும்புவார் நெசவாளி. ஒரு பாவில் மூன்று நான்கு சேலை நெய்யலாம். ஆகவே அவருடைய வேலைப் பயணத்துக்கு நாள்கணக்கு கிடையாது. பாவுக் கணக்கும் சேலைக் கணக்கும்தான். தினமும் ஒன்பதுக்குப் போய் ஆறுக்குத் திரும்பும் பயணத்தை மட்டும் பயணம் என்று எண்ணிப் பழகிய போக்குவரத்து ஆய்வாளர்களின் வலையில் இந்த மீன் சிக்காததில் வியப்பில்லை.

கேரியரில் பட்டைக் கட்டும் முறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அடியில் ஒரு பழைய வேட்டித் துணி. அதன்மேல் சேலை. அதைச் சுற்றி இன்னொரு துணி. மழைக்குறி தெரிந்தால் பிளாஸ்டிக் தாள். எல்லாவற்றுக்கும் மேலே கயிறு. கயிறு என்றால் சணல் கயிறோ நைலான் கயிறோ அன்று; அவை அழுத்தித் தடம் போடும். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்த ரப்பர் வார்தான் உத்தமம். இழுக்க இழுக்க வரும், விட்டால் பிடிக்கும், மூட்டையைக் கடிக்காது. சக்கரத்துக்குள் ஓய்வு பெற்ற டியூப், சக்கரத்துக்கு மேலே மறுபடி வேலைக்குச் சேர்ந்துவிடுகிறது.

இப்படிக் கட்டிய மூட்டையைப் பார்த்தால் அழுக்குத் துணி மாதிரி இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். மூட்டைக்குள் இருக்கும் ஒரு சேலையின் விலைக்கு அந்தச் சைக்கிளைப் போல இரண்டு மூன்று வாங்கலாம். நகைக்கடைக்குத் தங்கம் போகும்போது துப்பாக்கியோடு ஆள் போகிறார். முகூர்த்தப் பட்டு போகும்போது காவலுக்கு ஒரு மஞ்சள் பை போதும். பூட்டிய பெட்டியைக் கண்டால் கண் வைப்பவர்கள் மஞ்சள் பையைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள் என்ற மனித சுபாவம்தான் இங்கே காப்புறுதி.

பட்டுக்கு வழியில் இருக்கும் மெய்யான பகைவன் திருடன் அல்லன். செயின். ஒரு துளி செயின் கறை பட்டால் சேலை சேலையாக நில்லாது. கூலியில் கை வைக்கும் காரணமாகிவிடும். ஆகையால் ஆரணியில் செயின் கவர் என்பது அழகுக்கான உறுப்பு அன்று. நகரத்து இளைஞர்கள் கியர் சைக்கிளில் செயின் கவரும் இல்லாமல் மட்கார்டும் இல்லாமல் பறப்பதைப் பார்த்து நெசவாளி பொறாமைப்படுவதில்லை. அதில் எதையும் ஏற்ற முடியாது என்பதை அவர் முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார். கேரியர் இல்லாத சைக்கிள் அவர் கணக்கில் உடற்பயிற்சிச் சாமான்.

இனி ஆள் ஏறும் கேரியர். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இருவர் வேண்டும்: நெய்கிறவர் ஒருவர், கரை நாடாவைத் தள்ளித்தரப் பக்கத்தில் ஒருவர். பல வீடுகளில் அது கணவனும் மனைவியும். அல்லது தகப்பனும் பிள்ளையும். தறியில் சேர்ந்து உட்கார்ந்த இருவர் சைக்கிளில் சேர்ந்து உட்காரக் கூடாது என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்தது. டபுள்ஸ் குற்றம், இரவில் விளக்கில்லாமல் போவது குற்றம். உள்ளாட்சிக்கு ஆண்டுதோறும் சைக்கிள் வரி கட்டி உலோக வில்லை வாங்கி மாட்டவில்லை என்றால் அதுவும் குற்றம். பல போலீஸ்காரர்கள் எழுதிய தீர்ப்பு டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவது. அபராதத்தைவிட அது மலிவு என்று அரசாங்கமும், அபராதமே தேவலை என்று பிடிபட்டவரும் நினைத்திருக்கக்கூடும்.

இரண்டு சக்கரம் ஏன் விழாமல் நிற்கிறது என்ற கேள்வியையும் கேரியரோடு சேர்த்தே பார்ப்பது நல்லது. சுழலும் சக்கரம் தன் சாய்வை எதிர்க்கும் என்பது பழைய விளக்கம். 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர், ஓட்டவே முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்து பார்க்க முயன்றார். சுழற்சி விளைவை நீக்கிச் செய்த வண்டியையும் ஓட்ட முடிந்தது. 2011இல் 'சயன்ஸ்' இதழில் ஐந்து ஆய்வாளர்கள், வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எவையும் இல்லாமலே தானாக நிமிர்ந்து ஓடும் ஒரு சைக்கிளைச் செய்து காட்டினார்கள். முடிவாக இதுதான் காரணம் என்று ஒற்றை வரியில் சொல்ல அறிவியலுக்கு இன்னும் வாய் வரவில்லை. பார் கம்பியில் பிள்ளை, கேரியரில் மனைவி, அவள் மடியில் பாவு மூட்டை, ஹேண்டில்பாரில் மண்ணெண்ணெய் கேன் என்று புறப்பட்ட குடும்பம் கோட்பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை.

மிதியியல்

*ஒருமிதி உருட்சி ஒருசே லையே.*

இந்த நூற்பா உவமை என்று யாரும் மயங்க வேண்டாம். கணக்கு. 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 223 சென்டிமீட்டர். முன்னே 44 பல், பின்னே ஃப்ரீவீலில் 18 பல் உள்ள சாதாரண ரோட்ஸ்டர் சைக்கிளில், பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் இரண்டரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். பெருக்கினால் ஏறத்தாழ 546 சென்டிமீட்டர். சேலையின் நீளம், ஜாக்கெட் துணியை விட்டுவிட்டால், ஐந்தரை மீட்டர். குறைவது நாலே சென்டிமீட்டர். தறியில் நாலு சென்டிமீட்டர் குறைந்தால் முதலாளி அளவுகோலை எடுத்துவிடுவார். சைக்கிளில் இன்னும் கொஞ்சம் காற்றடித்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

ஆக, ஆரணித் தெருவில் சைக்கிள் மிதிக்கும் ஒவ்வொருவரும் மிதிக்கு ஒரு சேலை நீளம் முன்னேறுகிறார். இந்த உண்மையின் பயன் என்ன? ஆய்வுக் கட்டுரைகளில் கேட்கக் கூடாத கேள்வி அது. இருந்தாலும் ஒரு பயன் சொல்லலாம். காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதையில் 'ஆரணி ரோடு' என்று ஒரு நிலையம் உண்டு. அது ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. ஆரணி என்று பெயர்ப்பலகை பார்த்து இறங்கியவர் ஆரணியைக் காண இன்னும் பத்துக் கிலோமீட்டர் போலப் போக வேண்டும். பத்துக் கிலோமீட்டர் என்றே வைத்துக்கொண்டால், இடையில் கால் ஓயாமல் மிதித்தால், 1,830 மிதி. அதாவது 1,830 சேலை. மாதத்துக்கு ஐந்து சேலை நெய்கிற ஒருவருக்கு அது முப்பது ஆண்டு வேலை. சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குள் கடக்கிற தூரத்தை நெசவாளி வாழ்நாளில் பாதி செலவிட்டுக் கடக்கிறார்; ஓர் அங்குலமும் நகராமல்.

நகராமல் என்றாலும் மிதிக்காமல் அன்று. குழித்தறியில் உட்கார்ந்தவரின் கால் குழிக்குள் இருக்கும்; அங்கே மிதிகட்டைகளை மாறி மாறி அழுத்தினால்தான் பாவு பிரிந்து நாடாவுக்கு வழி விடும். பகல் முழுக்க இப்படி மிதித்தவர் மாலையில் சைக்கிளை எடுத்து டவுனுக்கு மிதிக்கிறார். ஓய்வு என்ற பெயரில் அதே தசைக்கு அதே வேலை. 1973இல் எஸ்.எஸ். வில்சன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு பொறியாளர், ஒரு கிராம் எடையை ஒரு கிலோமீட்டர் நகர்த்த ஆகும் சக்தியை விலங்குகள், பறவைகள், எந்திரங்கள் எல்லாவற்றுக்கும் ஒப்பிட்டு, சைக்கிளில் ஏறிய மனிதனே சிக்கனத்தில் முதலிடம் என்று 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதினார். தறியில் உட்கார்ந்த மனிதனை அவர் பட்டியலில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் தூரம் பூஜ்யம் என்பதால் வகுத்தல் கணக்கு முட்டியிருக்கும்.

வீட்டுக்குள் இன்னொரு சைக்கிள் இருப்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். திண்ணையிலோ கூடத்து மூலையிலோ ஒரு பாட்டி உட்கார்ந்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி மறு கையால் இழையைப் பிடித்துத் தார் சுற்றிக்கொண்டிருப்பார். அந்த ராட்டையின் சக்கரத்தை உற்றுப் பார்த்தால் பல வீடுகளில் அது பழைய சைக்கிள் ரிம்மாக இருக்கும். டயர் கழற்றி, ரிம்மின் பள்ளத்தில் கயிறு ஓட்டி, அச்சை ஒரு மரச்சட்டத்தில் மாட்டியது. சாலையில் ஓடித் தேய்ந்த சக்கரம் வீட்டுக்குள் வந்தும் சுற்றுகிறது. பாட்டி நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று எந்த அட்டவணையும் கேட்டதில்லை. லைசென்ஸும் விளக்கும் இல்லாமல் ஆரணியில் மிக நீண்ட தூரம் சைக்கிள் சக்கரம் ஓட்டியவர்கள் இவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

காற்றியல்

காற்று இருவகைத்து: டயருக்கு உள்ளே இருப்பது, வெளியே இருப்பது. உள்ளே இருப்பது வெளியே போய்விடும். வெளியே இருப்பது எதிரே வரும்.

எதிர்க்காற்றின் கணக்கு கொடுமையானது. காற்றே இல்லாத நேரத்தில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு, அதே 12 கிலோமீட்டர் வேகத்தில் காற்று எதிரே வீசினால், காற்றுத் தடை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. ஆடி மாதத்து மேற்குக் காற்றில் கிழக்கிலிருந்து டவுனுக்கு வருகிறவர் இதைச் சமன்பாடு இல்லாமலே அறிவார். அந்த மாதத்தில் கல்யாணமும் கிடையாது. கடைக்காரர்கள் தள்ளுபடிப் பலகை மாட்டியிருப்பார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கும் தீபாவளிக்கும் இப்போதே நெய்து வைக்க வேண்டும், ஆனால் இப்போது வாங்க ஆள் குறைவு. காற்றும் வியாபாரமும் ஒரே திசையிலிருந்து அடிக்கும் மாதம் அது. ஐப்பசி கார்த்திகையில் வேறு துன்பம்: தெருவில் பாவு நீட்ட முடியாது, சாயம் காயாது, தறிக்குழியில் ஈரம் ஏறும், இழை ஒட்டும். சைக்கிளுக்கோ மட்கார்டுக்குள் சேறு அடைத்துக்கொள்ளும்.

உள்காற்று பற்றி. பஞ்சர் என்பது விதி. எப்போது என்பதே ஐயம். டியூப் முழுசாக இருந்தும் காற்று இறங்கினால், வால் டியூப் என்னும் சுண்டுவிரல் நீள ரப்பர் துண்டைச் சந்தேகிக்க வேண்டும். சைக்கிள் கடைக்காரர் டியூபை வெளியே இழுத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தில் காப்பியிங் பென்சிலால் குறி வைத்து, உரசி, சொலூஷன் தடவி, ஊதி, ஒட்டித் தட்டும் அந்தப் பத்து நிமிடம் ஊரின் செய்தி நிலையம். யாருக்கு அட்வான்ஸ் கொடுத்தார்கள், எந்த முதலாளி கூலி ஏற்றினார், யார் தறியை விற்றுவிட்டு செக்யூரிட்டி வேலைக்குச் சென்னை போனார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். கைப்பேசி வந்தபின் இன்னொரு பேச்சும் சேர்ந்தது. முதலாளி அழைப்பார். சக்கரம் கழற்றிய நிலையில் தலைகீழாக நிற்கும் சைக்கிளுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, டீயை ஆற்றியபடி நெசவாளி பதில் சொல்வார்:

"வந்துனே இருக்கேண்ணா."

இதைப் பொய் என்று கொள்ளற்க. தத்துவ நோக்கில், புறப்பட்டவர் வந்து சேரும்வரை வந்துகொண்டுதான் இருக்கிறார்.

பஞ்சரான பின்னும் ஓட்டலாமா என்றால், ஓட்டிய சான்று உண்டு. 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படையில் பெரும் பகுதி சைக்கிளில்தான் சிங்கப்பூரை நோக்கி இறங்கியது. போதாததற்கு ஊர்க்காரர்களின் சைக்கிள்களைப் பிடுங்கிக்கொண்டது. வெயிலில் டயர்கள் வெடித்தன. வீரர்கள் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். கெட்டிச் சாலையில் நூற்றுக்கணக்கான ரிம்கள் எழுப்பிய இரைச்சலை, இரவில், டாங்கிகள் வருவதாக எதிர்ப்படை எண்ணிக்கொண்டது. தமிழ்த் தொழிலாளர்கள் பால் வெட்டிய ரப்பர் தோட்டங்களின் ஓரத்திலேயே ரப்பர் இல்லாத சக்கரம் போரை வென்றது. பட்டு ஏற்றியவருக்கு இம்முறை ஆகாது. அதிர்ச்சியில் பாவு குலையும்.

பெட்ரோல் இல்லாமலே ஓர் ஊர் ஓடும் என்பதற்கு 1990களின் யாழ்ப்பாணம் சான்று. பொருளாதாரத் தடையால் எரிபொருள் அரிதான ஆண்டுகளில் பள்ளிக்கூடம், ஆசுபத்திரி, சந்தை, கல்யாணம் எல்லாம் சைக்கிளில் நடந்தன. அங்கே அது தேர்வு இல்லை. பெரும்பாலான நெசவாளிகளுக்கு ஆரணியிலும் அது தேர்வாக இருக்கவில்லை. இந்த இடத்தில் உரையாசிரியர் நகைச்சுவைக்கு வழி தேடிக் கிடைக்காமல் அடுத்த இயலுக்குப் போகிறார்.

ஒழிபியல்

முன் இயல்களில் அடங்காதவற்றை இங்கே கூட்டி வைப்பது மரபு.

தெருவில் பாவு நீட்டியிருக்கும்போது சைக்கிள் எப்படிப் போக வேண்டும்? இறங்கி, தள்ளிக்கொண்டு, ஓரமாக. மணி அடித்துப் பயனில்லை, பாவு விலகாது. ஆயிரக்கணக்கான இழைகள் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டப்பட்டு, இருபுறமும் ஆட்கள் பிசிறு நீக்கிக்கொண்டிருப்பார்கள். விடிகாலையில் இது நடக்கும். வெயில் ஏறுவதற்குள் முடியும். ஆம்புலன்ஸுக்கு வழி விடாத ஆட்களும் அங்கே சைக்கிளை விட்டு இறங்கி நடப்பார்கள். சாலை விதிகளைப் பற்றிக் கவலைப்படும் துறையினர் வந்து கற்றுக்கொள்ள வேண்டிய இடம்.

உரை வேறுபாடு பற்றி. 2021 ஏப்ரல் 6 அன்று நடிகர் விஜய் சென்னை நீலாங்கரையில் வாக்குச்சாவடிக்குச் சைக்கிளில் போனார். தொலைக்காட்சி வண்டிகள் பின்தொடர்ந்தன. பெட்ரோல் விலைக்கு எதிர்ப்பு என்று ஓர் உரை. சைக்கிளின் நிறத்துக்கு அரசியல் பொருள் என்று இன்னோர் உரை. சாவடி பக்கம்தான், கார் நிறுத்த இடமில்லாத குறுகிய தெரு என்று அவர் தரப்பில் ஒரு பொழிப்புரை. அதே நாளில் ஆரணியில் எத்தனையோ பேர் சைக்கிளில் போய் வாக்களித்துவிட்டு அப்படியே வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு உரை எழுத ஆளில்லாமல் போனதால்தான் இந்நூல் தேவைப்பட்டது.

பெண்கள் பற்றி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார், பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதினார். பின்னர் 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, 2005–06இல் அதை அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் எல்லாருக்கும் விரித்தது. பள்ளிக்கூடத்துக்காகக் கொடுத்த சைக்கிளில் முன்கூடை இருந்தது. புத்தகத்துக்கான அந்தக் கூடையில் தார்க்குச்சிகளும் கண்டுகளும் எளிதாக அடங்கும் என்பதைக் கண்டுபிடிக்க நெசவாளி வீடுகளுக்கு அதிக நாள் ஆகவில்லை. பிள்ளை தேர்வு எழுதி முடித்த மறுநாளே சைக்கிள் தொழிலில் சேர்ந்துவிடும். அதற்குக் கல்லூரி கிடையாது.

போட்டியாளர் பற்றி. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. அதன் வழிவந்த எக்ஸ்.எல். இன்று ஆரணியில் கேரியர் பதவியைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. 2011 கணக்கை இன்று எடுத்தால் சைக்கிள் முன்னிற்காது. 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கும் கொரோனாவால் தள்ளிப் போயிற்று. அட்லஸ் நிறுவனம் சாகிபாபாத்தில் இருந்த தன் கடைசித் தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்தியது 2020 ஜூன் 3 அன்று. அது உலக சைக்கிள் தினம். ஐக்கிய நாடுகள் சபை அந்தத் தேதியை அறிவித்தபோது இதை எதிர்பார்த்திருக்காது. எக்ஸ்.எல். வண்டியிலும் சேலையைக் கட்ட அதே டியூப் வாரைத்தான் தேடுகிறார்கள் என்பது சைக்கிள் கட்சியினருக்கு மிஞ்சிய ஆறுதல்.

விடுப்பு பற்றி. ஆயுத பூஜைக்கு முதல் நாள் தறியைத் துடைத்து, நாடாவையும் அச்சையும் கழுவி வைப்பார்கள். சைக்கிளையும் துடைத்து, ரிம்முக்குத் தேங்காய் எண்ணெய் போட்டு, ஹேண்டில்பாரில் சாமந்தி சுற்றி, மட்கார்டில் சந்தனம் குங்குமம் இடுவார்கள். பூஜையில் இரண்டும் சமம். பூஜை நாளன்று தறி ஓடாது. ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பது சாத்திரம். சைக்கிளுக்கு அந்த விதியை ஏற்றலாமா என்று கேட்டால், பொரி கடலையும் பூசணிக்காயும் வாங்க மார்க்கெட்டுக்கு யார் நடந்து போவது என்று வீட்டிலிருந்து பதில் வரும்.